தூங்குமூஞ்சி மரத்தில் கட்டிய மஞ்சள் துணி

டீச்சர்,

நசுங்கிப்போன இஸ்திரி வண்டியின் அடித்தட்டை முந்தாநாள் பிரித்தேன். பழைய பேப்பர்களுக்கு அடியில் உங்கள் மரச்சுத்தியல் கிடந்தது. உங்கள் கை பட்டுப் பட்டுப் பிடி மட்டும் வழுவழுவென்று இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

பேத்தி பார்த்துவிட்டு, "சொல்லு அப்பத்தா, நான் எழுதித் தாரேன்" என்றாள். நர்சிங் கடைசி வருசம் படிக்கிறாள், முத்து முத்தாக எழுதுவாள். வேண்டாம் என்றேன். என் தப்பை என் கையால்தான் எழுத வேண்டும். அஞ்சாவது வரை படித்த கை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திருநகர் தெருவுக்கு நீங்கள் முதலில் வந்தது மழைநீர் வாய்க்கால் தோண்ட அளந்த வருசம். தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் குறுக்கே நிற்கிறது, எடுக்க வேண்டும் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அதன் நிழலில்தான் என் வண்டி. காலேஜில் செடிகொடிப் பாடம் எடுக்கிற டீச்சர், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வருகிறார், மரத்தை வெட்டலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பார் என்றார்கள். ஜீப் வரும் என்று பார்த்தேன். தோளில் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள்.

"ரெண்டு லோடு விறகு தேறும் மேடம், அதுக்கு மேல இதுல என்ன இருக்கு?" என்றார் காண்ட்ராக்டர். நீங்கள் நோட்டை விரித்தீர்கள். என் பக்கம் திரும்பி, "அக்கா, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு இங்க யார் யாரெல்லாம் நிப்பாங்க?" என்று கேட்டீர்கள்.

"ஸ்கூல் வேனு ஆயா, காய்வண்டிக்காரரு, ரெண்டு ஆட்டோ, நாலு நாயி."

"நாயையும் எழுதணுமாக்கா?"

"எழுதுங்க டீச்சர். அதுக்கும் வெயில் அடிக்கத்தான செய்யுது."

சிரித்துக்கொண்டே எழுதினீர்கள். அப்புறம் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து மரத்தை நெஞ்சு உயரத்தில் சுற்றி வரச் சொன்னீர்கள். அளந்து முடித்ததும் இந்தச் சுத்தியலால் அடிமரத்தை இடம் இடமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டீர்கள். "என்ன மரம், எம்புட்டுப் பருமன், உடம்பு எப்படி, நிக்கிற இடம் எது. நாலுக்கும் மார்க் போட்டுப் பெருக்கணும்க்கா. கூட்டக் கூடாது. ஒண்ணு பூச்சியமாப் போனா மொத்தமும் பூச்சியம்" என்றீர்கள். வாய்ப்பாடு படித்தவள்தானே நான், அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

மரத்தை வெட்ட வேண்டாம், வாய்க்காலை வளைத்துக்கொண்டு போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. காகிதத்தை நம்பி எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன். விடியக் கருக்கலில் எழுந்தேன். யாரோ இஸ்திரிக்குப் போட்டுவிட்டு வாங்க வராத வேட்டி ஒன்று கிடந்தது. அதை மஞ்சள் தண்ணீரில் முக்கி மரத்தைச் சுற்றிக் கட்டினேன். அடியில் ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்தேன். ஆத்தா கனவில் வந்து இடம் கேட்டாள் என்று தெருவில் நாலு பேர் காதில் போட்டேன். வாய்க்கால் தோண்ட வந்த ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் நீங்கள் வந்து பார்த்து, "எந்தச் சாமிக்கா தூங்குமூஞ்சி மரத்துல வந்து குடியேறியிருக்கு?" என்று கேட்டீர்கள்.

"தூங்குற சாமிதான் டீச்சர். எழுப்பாதீங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ஆனால் போகும்போது முகம் வாடியிருந்தது. "நான் எழுதினதுலயே மரம் தப்பிச்சிருக்கும்க்கா. உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்ல" என்றீர்கள். எதனால் தப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கல்லால்தான் தப்பியது என்று தெருவெல்லாம் பெருமையடித்தேன். உங்கள் காதுபடவும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

அதற்கப்புறம் வருசம் ஒரு தடவை, யாரும் கேட்காமலே வந்து தட்டிப் பார்த்துவிட்டு என்னோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவீர்கள். இந்தப் பக்கம் ஆத்தாவும் வளர்ந்தாள். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு மேடை வந்தது. ஆணி அடித்து மணி மாட்டினார்கள். ஆடிக்கு ஆடி பழைய துணிக்கு மேலேயே புதுத் துணி கட்டினார்கள். கூழ் ஊற்றும்போது முதல் கரண்டி என் கையால்தான். இஸ்திரிக்காரம்மா என்று கூப்பிட்ட வாய் பூசாரியம்மா என்று கூப்பிட்டது. அந்த ருசியும் சேர்ந்துதான் டீச்சர் என் கண்ணைக் கட்டியது.

கடைசித் தடவை வந்தபோது மேற்குப் பக்கம் தட்டினீர்கள். ஒரு இடத்தில் நின்று மறுபடியும் தட்டினீர்கள். உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அக்கா, இந்தத் துணிய அவுக்கணும். ஈரம் கோத்துக் கிடக்கு. உள்ள என்னன்னு பாக்கணும். மேடையவும் கொஞ்சம் உடைக்கணும், வேரு மூச்சு விட முடியாமக் கெடக்கு."

"சாமி துணியில கை வைக்காதீங்க டீச்சர்" என்றேன். சாமி கும்பிட வந்த பெண்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

நீங்கள் குரலைத் தாழ்த்தி, "கட்டுனது நீங்கதானக்கா. நீங்களே அவுக்கலாம்ல" என்றீர்கள்.

நான் இஸ்திரிப் பெட்டியை ஓங்கித் துணிமேல் வைத்தேன். தீப்பொறி பறந்தது. நீங்கள் பையைத் தோளில் மாட்டினீர்கள். பிறகு இந்தச் சுத்தியலை வண்டியில் வைத்தீர்கள். "நான் வர முடியாத வருசம் நீங்களே தட்டிப் பாருங்க. டொக்குன்னா நல்லா இருக்கு. டொப்புன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. வாரேன்க்கா."

நான் தட்டிப் பார்க்கவில்லை. என்ன சத்தம் கேட்குமோ என்று பயம். பேப்பருக்கு அடியில் சுத்தியலைத் தள்ளிவிட்டேன். அடுத்த வருசம் நீங்கள் வரவில்லை. கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். அதற்கடுத்த வருசமும் வரவில்லை. உங்கள் நம்பர் சுவரில் கரியால் எழுதியே இருந்தது. பார்த்துப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த ஆனிக் காற்றில் மேற்குக் கிளை வண்டிமேல் விழுந்தது. பேத்தி அங்கேதான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். டீ வாங்க எழுந்து நாலு கடை தாண்டியிருக்கிறாள். அவ்வளவுதான். நான் துணி கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது வண்டியும் தெரியவில்லை, பிள்ளையும் தெரியவில்லை. இலையும் கிளையும்தான் தெரிந்தது. "அப்பத்தா" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்கிறவரை நான் உயிரோடு இல்லை.

தெருவே கூடிவிட்டது. "ஆத்தா உன் பேத்தியக் காப்பாத்திட்டா பாத்தியா!" என்று ஆளுக்கு ஆள் என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். என் வீம்பு ஒடித்துப் போட்ட கிளை, அதற்கும் ஆத்தாவுக்குப் பேர். அந்தக் குங்குமம் எரிந்தது டீச்சர்.

மரத்தைப் பார்க்க இந்தத் தடவை ஒரு அதிகாரி வந்தார், நடுவயதுக்காரர். "எங்க டீச்சரு வரலையா? அவுகளுக்கு என் மேல இன்னும் கோவமா?" என்று கேட்டேன். உங்கள் பேரைச் சொன்னதும் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினார். "அவங்க தவறிப்போயி ரெண்டு வருசமாச்சும்மா. ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் இருந்தாங்க" என்றார். சிமெண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டேன். நான் முதலில் முறுக்கிக்கொண்ட நாளில் நீங்கள் படுக்கையில் கிடந்திருக்கிறீர்கள், அப்புறம் இல்லாமலே போயிருக்கிறீர்கள்.

மரத்தின் உள்ளே பார்க்க வேண்டும் என்றார் அவர். கூட வந்த ஆட்கள், "சாமி துணி சார், நாங்க தொட மாட்டோம்" என்று பின்வாங்கினார்கள்.

"தள்ளுங்கப்பா" என்று எழுந்தேன்.

ஒவ்வொரு துணியாக அவிழ்த்தேன். வருசத்துக்கு ஒன்று. உள்ளே போகப் போக நைந்து பிசுபிசுத்தது. கடைசியில் என் வேட்டி. அதன் மூலையில் அழியாத மசியில் மூன்று புள்ளி, ஒரு கோடு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்து வெளுப்பும் பார்த்த காலத்தில், எங்கள் கைக்கு வந்த துணிக்கெல்லாம் போட்ட குறி. துணியின் பின்னால் என் கை முழுசாகப் போகிற பொந்து. உள்ளே ஈரமான மரத்தூள், காப்பிப் பொடி மாதிரி.

உடம்புக்குப் பூச்சியம். யாரும் எனக்குப் பெருக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தத் துணியைத் தெருப் பெண்களிடம் தூக்கிக் காட்டினேன். "பாத்துக்கங்க. இது எங்க குறி. ஆத்தா கனவுல வரல. நான்தான் கட்டுனேன். அவுக்கச் சொன்ன டீச்சரையும் நான்தான் விரட்டி விட்டேன்." பாதிப் பேர் நம்பவில்லை. "ஒன்னைக் கட்ட வச்சதும் ஆத்தாதான" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நான் துணிகளை அள்ளிக் குப்பையில் போட்டேன்.

மரத்தை எடுத்துவிட்டார்கள். போகும்போது அதிகாரியின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது அங்கே வெயில்தான். வேறு கன்று வைக்க ஊர்க்காரர்களைக் கேட்டார்கள். நெட்டிலிங்கம் என்றார் ஒருவர், அழகாக இருக்குமாம். "போலீஸ்காரன் மாதிரி வெறப்பா நிக்கும், நெழல் எவனுக்கும் குடுக்காது" என்றேன். பழையபடி தூங்குமூஞ்சியே வையுங்கள், சீக்கிரம் வளரும் என்றார்கள். டீ குடிக்கும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது: "வேகமா வளர்ற மரம் வேகமா ஒடியும்க்கா. மேல கரண்டுக் கம்பி, கீழ வாய்க்கா. இந்த இடத்துக்கு அடக்கமான மரம்தான் சரி." மகிழம் வையுங்கள் என்றேன். "அது வளர்றதுக்குள்ள நீ இருப்பியா?" என்று கேட்டார்கள். இருக்க மாட்டேன். வண்டிக்கு இப்போதைக்குக் குடை வாங்கியிருக்கிறேன்.

கன்று நட்ட அன்றைக்கு எதிர்வீட்டுக்காரி மஞ்சள் கயிற்றோடு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊன்றுகுச்சியோடு சேர்த்துச் சணலால் லூசாக ஒரு கட்டு, அது போதும் என்றேன். அதையும் வருசத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தட்டிப் பார்க்க மகிழத்துக்கு இன்னும் உடம்பு வரவில்லை. அதனால் நேற்றிலிருந்து, காலையில் துணி வாங்கப் போகிற வழியில் இருக்கிற மரங்களை இந்தச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போகிறேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரிக்கிறார்கள். முழங்கால் வலிக்கிறது, இருந்தாலும் நின்று கேட்கிறேன். டொக். டொக். இன்றைக்குப் பள்ளிக்கூட வாசல் வேம்பு மட்டும் டொப் என்றது. நான்கு தடவை தட்டினேன். நான்கு தடவையும் டொப்தான்.

அங்கேயே நின்று அந்த அதிகாரிக்குப் போன் போட்டேன், டீச்சர்.