நல்ல தண்ணி

ஆவணி, புதன் இரவு.

சாயல்குடிப் பக்கத்துக் கிராமத்தின் ஒரே குடிநீர்க் கிணற்றில் கிருமி இருப்பதாக எங்கள் ஆய்வகத்தில் முடிவு வந்துவிட்டது. விதிப்படி கிணற்றை மூடச் சொல்லப் போனேன்.

"இது நல்ல தண்ணி இல்லம்மா," என்றேன், இறைத்துக்கொண்டிருந்த காளியம்மாளிடம்.

அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "கரிக்கலையே சார். இதைப் போயி நல்ல தண்ணி இல்லங்கிறீக?"

இந்தப் பக்கம் உப்பு இல்லாவிட்டால் அது நல்ல தண்ணி. கிருமிக்கு ருசி கிடையாது என்று எப்படிப் புரிய வைப்பது?

"மூடிப்புட்டா எதைக் குடிக்க?"

லாரி வரும் என்றேன். எப்போது என்று எனக்கே தெரியாது. மூடத்தான் விதி இருக்கிறது.

கிளம்பும்போது செம்பை நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீக, குடிங்க."

மறுக்க முடியவில்லை. குடித்தேன்.

கரிக்கவில்லை.