பள்ளத்தூர் வீட்டுச் சுவர்

ஐப்பசி 9, சனிக்கிழமை

பெரிய பேத்தி நர்ஸ் வேலையில் சேர்ந்துவிட்டாள். சின்னவள் கோகோ ஆட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கே முதல். பேரன் செல்வம் சிங்கப்பூரில் அலமாரி செய்யும் கம்பெனியில் இருக்கிறான். நம் பட்டறைக்கும் எந்தப் பலகையை எந்த அளவில் அறுக்க வேண்டும் என்று அங்கிருந்தே எக்செலில் கணக்குப் போட்டு அனுப்புகிறான்.

இன்று மகன் பள்ளத்தூரில் ஒருவர் வீட்டில் அலமாரிக்கு அளவெடுத்து வந்தான். பழைய சுண்ணாம்புச் சுவர். கீழே ஓர் அகலம், நடுவில் ஒன்று, மேலே ஒன்று. எதை வைத்து அறுப்பது என்று குழம்பிப் போனான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பேரன் நேரில் வந்து பார்த்தால்தான் இது தீரும் என்று நினைத்தேன்.

போனில் பேரன், "மூணு அளவையும் சொல்லுங்கப்பா" என்றான். காபி ஆறுவதற்குள் எல்லாப் பலகைக்கும் புது அளவு வந்துவிட்டது.

"கெட்டிக்காரன்டா ராசா! அலமாரியை மாட்டுறதுக்காச்சும் வாரியாய்யா?"

"அதான் கணக்கு வந்திருச்சே அப்பத்தா. நான் எதுக்கு?"

மகன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

போனில் செல்வம் பேருக்குப் பக்கத்தில் இருப்பது மீசை முளைக்காத வயதில் எடுத்த படம். வா என்று இனி கேட்கப் போவதில்லை. புதுப் படம் ஒன்றாவது போடச் சொல்ல வேண்டும், முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி.