நீ மூடிவைத்த பிஸ்கட் டின்

அம்மா,

டின் என் மடியில் இருக்கிறது. மூடியின் விளிம்பைத் தடவிய விரலை முகர்ந்து பார்த்தேன். அதே இரும்பு வாசனை. நீ உப்புத்தாளால் தேய்த்த அன்று வீடு முழுக்க இந்த வாசனைதான் இருந்தது. நீ போன பிறகு இதை யாரும் திறக்கவில்லை.

அப்பா நைட் ஷிப்டுக்குத் தறிப்பட்டறை போயிருக்கிறார். பாப்பா என் பக்கத்தில் தூங்குகிறாள். லைட் எரிவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் யாராவது சொல்லிவிட்டால் அப்பாவுக்கு மனசு கஷ்டப்படும். ‘நீயும் உங்கம்மா மாதிரியே ஆயிராத சாமி’ என்று போன வாரம்தான் சொன்னார். அதனால் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளியே தெரு முழுக்கத் தறி ஓடுகிறது. தறி ஓடும்வரை கரண்ட் இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை வானத்தில் எதுவும் வெடிக்கவில்லை. டிவியில் போர்ச் செய்தி வரத் தொடங்கியதிலிருந்து இப்படிச் சொல்லிக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன்.

உன் பயம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுத் தென்னையில் இடி விழுந்த மாலை. டிவி போனது, மிக்ஸி போனது. நீ கலங்கவில்லை. சார்ஜில் போட்டிருந்த பாப்பாவின் காது மெஷினும் போனது என்று தெரிந்தபோதுதான் தரையில் உட்கார்ந்தாய். ஆபரேஷன் செய்து அவள் தலைக்குள் வைத்த துண்டு, வெளியே காதில் மாட்டும் இந்த மெஷின் இல்லாமல் வேலை செய்யாது. புதியது வரும்வரை அவள் நம் வாயையே பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் உன் போனில் அந்த வீடியோ வந்தது. ரொம்ப உயரத்தில் ஒரு குண்டு வெடித்தால், கீழே இருக்கும் கருவிகள் ஒயரே இல்லாமல் கருகிப்போகும் என்றது. பாதி உண்மை, பாதி பயமுறுத்தல் என்று என் அறிவியல் டீச்சர் சொன்னார். நீ அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டாய். பவானியில் ஒரு வீட்டில் அவர்கள் பெண்ணுக்குப் புது மெஷின் வந்ததும் பழையதைக் கேட்டு வாங்கி வந்தாய். ஆஸ்பத்திரியில் அதைப் பாப்பாவுக்குத் தகுந்த மாதிரி செட் செய்து கொடுத்தார்கள். இடைவெளி இல்லாமல் மூடிய தகரத்துக்குள் இருந்தால் கருகாது என்றும் அந்த வீடியோ சொன்னதால், பேக்கரியில் பிஸ்கட் டின் ஒன்று வாங்கினாய். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியை வெட்டி உள்ளே நாலு பக்கமும் வைத்தாய், மெஷின் தகரத்தில் படக்கூடாது என்று.

அலை உள்ளே போகிறதா என்று சோதித்துப் பார்க்க அப்பாவின் போனை உள்ளே வைத்து மூடி, உன் போனிலிருந்து கூப்பிட்டாய். டின்னுக்குள் மணி அடித்தது. பக்கத்து வீட்டு சரோஜாக்கா எட்டிப் பார்த்து, “ஏனக்கா, தகரத்துக்குள்ள என்ன கொழந்த அழுவுது?” என்று கேட்டாள். நீ சிரிக்கவில்லை. மூடியிலும் விளிம்பிலும் இருந்த பெயின்ட்தான் இரண்டு தகரத்தையும் ஒட்டவிடாமல் செய்கிறது என்று கண்டுபிடித்தாய். தறியில் இங்குமங்கும் ஓடும் மரநாடாவின் பிசிறைத் தேய்க்க அப்பா வைத்திருந்த உப்புத்தாளை எடுத்து, விரல் சிவக்கும்வரை தேய்த்தாய். மறுபடி கூப்பிட்டபோது மணி அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“ஏம்புள்ள, குண்டு போடறவன் நம்ம பிஸ்கட் டின்னப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவானா?” என்றார் அப்பா.

“அவன் போனாப் போறான், போகாட்டிப் போறான். எம்புள்ளைக்குக் காது இருக்கோணும்ங்க” என்றாய்.

அன்றைக்கு நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். தலைக்குள் இருக்கும் துண்டை எந்த டின்னில் வைப்பது? நீ பாப்பாவைப் பக்கத்தில் இழுத்து, காதுக்கு மேலே தலைமுடிமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாய். அப்புறம் ஒவ்வொரு இடிக்கும் உன் கை அங்கேதான் போனது.

அமாவாசைக்குத் தறி லீவு. அன்றைக்கு மட்டும் டின்னைத் திறந்து, மெஷினைத் துடைத்து, பட்டன் பேட்டரி அட்டை பிரிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து மூடுவாய். ‘நான் சொன்னாத்தான் இதத் தொறக்கோணும் கண்ணு’ என்பாய். நீ பயந்த எதுவும் உன்னைத் தொடவில்லை அம்மா. ஒரு காய்ச்சல் வந்தது. ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். அவ்வளவுதான்.

இன்றைக்குப் பள்ளியில் சைரன் ஒத்திகை. சத்தம் கேட்டதும் எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் போக வேண்டும். நான் போகும்போது ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தில் பாப்பாவின் வகுப்பைப் பார்த்தேன். அவள் மட்டும் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். டீச்சர் வந்து இழுத்த பிறகுதான் குனிந்தாள். வியர்வை இறங்கி அவள் போட்டிருந்த மெஷின் காலையிலேயே நின்றிருக்கிறது. சாயங்காலம் என்னிடம் கேட்கிறாள், “எல்லாரும் கீழ என்னக்கா தேடுனாங்க?”

நாங்கள் வீடு வருவதற்குள் அப்பா கிளம்பிவிட்டார். அதிலிருந்து டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே எடுத்தால், குண்டு வெடித்தபின் அவளுக்கு ஒன்றும் இருக்காது. எடுக்காவிட்டால், சைரன் அவளுக்குக் கேட்காது. நீ சொன்னால்தான் திறக்க வேண்டும் என்றாயே. இனி யார் சொல்வார்கள்?

*

மேலே எழுதிக்கொண்டிருந்தபோது தறி நின்றது. முழுத் தெருவும் ஒரே அடியாக. குண்டு வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஏன் என்று தெரியவில்லை, டார்ச்சை அணைத்துவிட்டேன். பாப்பாவைப் பிடித்து உலுக்கினேன். அவள் எழுந்து இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா? அக்காவா?” என்றாள். ஆமாம் என்றேன். திரும்ப “அக்கா?” என்றாள். நான் எத்தனை முறை சொன்னாலும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இருட்டில் அவளுக்கு என் வாயும் தெரியாது. அதை நீயும் நானும் யோசிக்கவே இல்லை அம்மா.

நீ சொல்லாமலே திறந்துவிட்டேன்.

உள்ளே அட்டை வாசனையும் பழைய பிஸ்கட் வாசனையும். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துக் கொஞ்ச நேரம் காற்றுப்பட வைக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் செட் செய்த அன்று நீ செய்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெஷினைக் காதில் மாட்டினேன். காந்த வட்டம் தலையில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

“பாப்பா” என்றேன்.

அவள் அசையாமல் இருந்தாள். செத்துப்போன மெஷின் என்று நினைத்தேன்.

“அக்கா, ஏன் தறி ஓடல?” என்றாள்.

வெறும் கரண்ட் கட்தான். இப்போது வந்துவிட்டது, தெரு மறுபடி தடதடக்கிறது. அவள் மெஷினைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள், நானும் கழற்றவில்லை. டின் திறந்தபடி கிடக்கிறது. பயம் போகவில்லை அம்மா, நீ வைத்திருந்த அளவு அப்படியே இருக்கிறது. ஆனால் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கும். ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். இன்னொரு கை அவள் காதுக்கு மேலே, நீ வைக்கும் இடத்தில் இருக்கிறது.