மெனிக்காவின் வயிறு

கண்டி,
9.10.1983

அன்பு மனைவி இராசமணிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நீரும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் மாமியோடு சுகமாயிருப்பது அறிந்தேன். நானும் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாயிஸாவின் பின்னறையில்தான் இன்னும் படுக்கை. அவவின் கறி சரியான உறைப்பு, வேறு குறையில்லை. ஆடிக் கலவரத்தில் எரிந்த எங்கள் வீட்டுக்கு ஒருநாள் போனேன். உம்முடைய தையல் மெசினின் இரும்பு மட்டும் கிடக்கிறது. எடுத்துவரவில்லை.

கோதாரி விழுந்த ஊரில் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறியள், கோச்சி ஏறி வாருங்கோ என்று எழுதியிருந்தீர். நான் வராததற்குக் காரணம் ஒரு யானை. சிரியாதேயும்.

கடுகண்ணாவையில் ஒரு சிங்கள மர முதலாளி. அவருடைய பெண் யானை மெனிக்காவுக்குக் காலில் சீழ். யாரோ கண்ணை மூடிக்கொண்டு அன்டிபயோட்டிக் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். சீழ் காய்ந்தது, வயிறு நின்றுபோனது. யானை தின்னும் கித்துள் பனையையும் பலா இலையையும் செமிக்கவைப்பது குடலில் இருக்கும் நல்ல கிருமிகள்தான். மருந்து அதுகளையும் கொன்றுவிட்டது. பிறகுதான் மிருக வைத்தியர் என்று என்னைக் கூப்பிட ஆள் வந்தது. நான் போனபோது வயிறு ஊதி, ஒன்றும் தின்னாமல் நின்றது.

தயிரும் ஈஸ்ட்டும் கொடுத்தேன், காணாது. சுகமான இன்னொரு யானையின் இலத்தியைச் சூடு ஆறமுன் கரைத்து, வடித்து, கஞ்சியில் கலந்து ஊட்டினால்தான் அந்தக் கிருமிகள் திரும்பக் குடியேறும். யானைக்குட்டியும் தாயின் இலத்தியைத் தின்றுதான் செமிக்கப் பழகுகிறது. சீச்சீ என்பீர். வைத்தியம் அப்படித்தான்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு நல்ல யானை நின்றது. முதலாளி தன் லொறியை எடுக்கச் சொன்னார்.

இராசமணி, அந்த லொறிதான். ஆடியில் பாயிஸா வீட்டு யன்னல் சீலைக்குள்ளால் பார்த்து, முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் தாமரை கீறியிருக்கு, அதிலயிருந்துதான் பெற்றோல் கலனோட குதிக்கிறாங்கள் என்று நீர் எனக்குச் சொன்னீரே, அதே லொறி.

ஏறினேன். சாரதிக்குப் பக்கத்தில் இருந்து, இலத்தி வாளியைக் கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு லொறியை முதலாளியிடம் பறித்தார்களோ, அவராய்க் கொடுத்தாரோ, நான் கேட்கவில்லை.

நேற்று மெனிக்காவுக்கு வயிறு இளகியது. கீழே கிடந்த இலத்தியைப் பார்த்து மனுசன் விம்மி விம்மி அழுதார். மாத்தையா, நீங்கள் எங்களுக்குத் தெய்வம் என்று என் கையைப் பிடித்தார். எருமைத் தயிர் ஒரு சட்டி தந்தார். பாயிஸாவிடம் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன்.

நாசமாய்ப் போவான் என்று எனக்கு வாயில் வரவில்லை. யானை பிழைத்ததே என்ற சந்தோஷமும் வரவில்லை. ஆடிக்குப் பிறகு ஒன்றுமே வருகிறதில்லை. இதற்குப் பயப்படவேண்டும் என்று தெரிகிறது, பயமும் வரவில்லை.

மெனிக்காவுக்கு இன்னும் கொஞ்சநாள் கஞ்சி ஊட்டவேண்டும். அது முடிய வாறன்.

அறுவான், அவன்ர லொறியிலயா ஏறினியள் என்று நீர் இப்போது கத்துவீர். கத்தும். வாயில் வருவதை ஒன்றும் குறைக்காமல் எழுதியும் அனுப்பும். மாமி பார்த்தால் பார்க்கட்டும். நான் மனம் நோவேன் என்று யோசித்து ஒரு சொல்லையும் விட்டுவிடாதேயும். அதை வாசித்தாவது எனக்குக் கோபம் வரட்டும்.

பிள்ளையைக் கொஞ்சினேன் என்று சொல்லும்.

உம்முடைய,
யோகேந்திரன்