எல்லையில் ஒரு குடம் நீர்

மலைகள் அரணாய் நிற்கும் கார்வரை நாட்டை ஆளும் கோமகளார் நற்றேவியார் திருமுன்னர், வெண்கரைக் கோமான் பெருந்திரையர் பணித்தபடி, அவருடைய ஓலைநாயகம் விழுப்பரையன் வணங்கி எழுதியது. தங்கள் அருவிகள் வற்றாதிருக்க. தங்கள் நாட்டுக் கன்றுகள் ஈரமண்ணில் கால் புதைய நிற்க. இதன்பின் எம் நாட்டின் நலத்தைச் சொல்லும் வரி வருவது முறை. சொல்ல ஏதும் இல்லாமையால் அதை விட்டு மேலே செல்கிறோம்.

கூவிளை ஆறு தங்கள் மலையில் பிறந்து, நடுவயல் நாட்டைக் கடந்து, எம் தாழைப்பேரேரியில் தங்கிக் கடல் சேர்வது. அந்த நீருக்காக முப்பாட்டன்மார் காலம்தொட்டு மூன்று நாடுகளும் வழக்காடின. சென்ற ஆண்டு மழை பொய்த்தபோது, நீர்வேலை கற்ற இளையோர் மூவரைச் சேர்த்து அவர்களிடமே ஆற்றை ஒப்படைப்பதென மூன்று அவைகளும் இசைந்தன. கார்வரையிலிருந்து ஐயை வந்தாள்; நடுவயலிலிருந்து அந்துவன்; எம் ஏரிக்கரையிலிருந்து கொற்றன். அவர்கள் தமக்கென ஒரே ஒரு விதி வகுத்துக்கொண்டனர். எவரும் தம் நாட்டு மதகைத் தொடுவதில்லை. பிறர் நாட்டு மதகையே பார்ப்பது. தன் ஊருக்குச் சாய்ந்தான் என்ற பேச்சு அதனால் எழாது. மூன்று அவைகளும் அந்த விதியைப் பாராட்டின. பாராட்டு மொழியை எழுதியவர்களுள் யாமும் ஒருவர்.

கொற்றன் நடுவயலுக்குப் புறப்பட்ட அன்று அவன் ஊரார் சும்மா விடவில்லை. "நம்ம ஏரிய மலைக்காரி கையில குடுத்துட்டு நீ எங்கடா போற, மாப்ள? அவ கடலையே பாத்ததில்லையாம்" என்று சிரித்தனர். அது மெய்தான். தண்ணீர் ஒரு பக்கமாக மட்டுமே ஓடும் நாட்டில் பிறந்தவள் ஐயை. கடல் ஏறி வரும், இறங்கிப் போகும் என்பதை எம் கரையில் நின்றே கற்றாள். கற்றபின், ஏரி கடலைச் சேரும் இடத்திலுள்ள கடல்வாய் மதகின் உளுத்த பலகைகளை மாற்றினாள், நீர் பாயும் கண்களை அகலப்படுத்தினாள், வெள்ளம் வடிய வேண்டுமென்று மதகின் முன் மேடிட்டிருந்த மணலைத் தோண்டி அகற்றினாள். காலைதோறும் ஏரி நீரை நாவில் வைத்துப் பார்த்தாள். கரித்துக் கிடந்த கீழ்க்கரைக் கிணறுகள் தெளிந்தன. கொற்றனின் அக்காள் வீட்டுக் கிணறு அவற்றுள் ஒன்று. அந்தச் செய்தி நடுவயலை எட்டிய நாளில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்றும், அது மகிழ்ச்சியால் என்றும் அவனே அவையில் சொன்னான்.

அந்நிலையில் எம் கோமானின் அன்னையார் மறைந்தார். வெண்கரையில் அரசகுடியில் ஒருவர் மறைந்தால், அவர் சாம்பல் கடல் சேரும்வரை நாட்டில் எந்தக் கதவும் மூடியிருத்தல் ஆகாது. வீடு, கோட்டை, மதகு எல்லாம் திறந்து கிடக்கும். பழைய நாளில் கடல்வாய் மதகைத் திறந்தால் மணல்மேட்டைத் தாண்டிக் கையளவு நீரே உள்ளே வரும். இம்முறை மேடு இல்லை, கண்களோ அகலம், வந்ததோ முழுநிலாக் கால ஓதம், ஆண்டின் பெரிய கடலேற்றம்.

ஏரியின் மேல்முனையில் இருந்த ஐயை ஓடிவந்தபோது பலகைகள் எல்லாம் கரையில் அடுக்கப்பட்டிருந்தன. அவள் மன்றாடியதற்கு மதகுக் காவலர் தலைவன் பொத்தன் கூறிய சொல்லை மாற்றாமல் இங்கே வைக்கிறோம்: "போற உசுரு கதவுல முட்டிக்கிட்டு நிக்கணுமா, தாயி? உங்க மலையில எப்படியோ, இங்க அப்படி இல்ல." அவள் தானே ஒரு பலகையைத் தூக்கினாள். காவலர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

நடுவயலில் சாவுச்செய்தி கேட்ட கொற்றன் தலைப்பாகையை அவிழ்த்தான். பிறகு, தான் தங்கியிருந்த வீட்டின் கதவைத் திறந்து வைத்தான். யாரும் சொல்லாமல் கை தானாகச் செய்த வேலை அது. கதவில் வைத்த கையை எடுக்குமுன் அவனுக்கு விளங்கிவிட்டது. ஓடத்துக்குக் காத்திராமல் கரையோடு ஓடினான். அவன் வந்து சேர்ந்தபோது ஏரி விளிம்புவரை நிறைந்து மின்னியது. மாடுகள் கரையில் வரிசையாக நின்றன. ஒன்றும் வாய் வைக்கவில்லை.

ஐயைமேல் இரண்டு குற்றங்கள் சாட்டப்பட்டன: துக்கத்தில் மதகை மூட முயன்றாள் என்பது ஒன்று, மதகைக் காக்கத் தவறி ஏரியைக் கெடுத்தாள் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒருத்தியே செய்திருக்க இயலுமா என்று கொற்றன் அவையில் கேட்டான். கூட்டத்தில் எவனோ, "பரிஞ்சு பேச வந்துட்டாரு, கேட்டுக்குங்க" என்றான். கொற்றன் அவன் பக்கம் திரும்பவில்லை. இந்த வழக்கத்தைத் தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றும், மூச்சு விடுவதைப் போல் அது தன் உடம்போடு கிடந்ததால் சொல்லத் தோன்றவில்லை என்றும், அவள் இடத்தில் தன்னை அடைக்குமாறும் வேண்டினான். வழக்கம் குற்றமாகாது, துக்கமும் குற்றமாகாது, ஆகவே குற்றம் ஓர் ஆளிடம்தான் இருக்க வேண்டும் எனக் கோமான் தீர்ப்பளித்தார். அந்த ஆள் வேற்றுநாட்டார் என்பது ஊருக்கு ஆறுதலாக இருந்தது. வருந்தி எழுதுகிறோம்.

ஏரியை அலசத் தங்களிடம் மலைநீர் கேட்கலாமென்று அவையோர் கூறினர். கேட்க வேண்டாமெனச் சிறையிலிருந்து சொல்லி அனுப்பியவள் ஐயையே. கார்வரை அணைகள் அனைத்தையும் திறந்தாலும் சேற்றில் இறங்கிய உப்பு ஒரு தலைமுறைக்குப் போகாது. அந்த நீரை இழந்து நடுவயலின் பயிர்தான் வீணே கருகும் என்றாள். கொற்றனுக்கும் அது தெரியும்.

இப்போது அவளைத் தங்களிடம் அனுப்புகிறோம். இதை இரக்கம் என்று கருத வேண்டா. சிறையில் இருப்போருக்கு ஊற்றக் குடிநீர் இல்லையெனச் சிறைக்காவலர் முறையிட்டார். பிறநாட்டார் அனைவரையும் விடுவிக்க ஆணையாயிற்று. மூவர் கூட்டு இன்றோடு கலைந்தது. தங்கள் மலையில் இருக்கும் அந்துவனையும் அவன் நாட்டுக்கு அனுப்பிவிடுக. எல்லைவரை அவளோடு நடக்க அனுமதி கேட்ட கொற்றனுக்கு அது மறுக்கப்பட்டது. அவன் இனிக் கடல்வாய் மதகின் காவலன். பலகைகள் இறக்கப்பட்டுள்ளன, இருபுறமும் ஒரே நீர். இனி எவர் மறைந்தாலும் அந்த மதகு மூடியே இருக்க வேண்டுமென ஆணை எழுதிக் கோமான் முன் வைத்தோம். துக்கம் கழியட்டும் என்றார்.

சிறைவாயிலில் அவன் ஒரு செம்பு நீட்டினானாம். "அக்கா வீட்டுக் கெணத்துத் தண்ணி. கரிக்கும். பொறுத்துக்க." அவள் முழுவதும் குடித்துவிட்டு, "கரிக்கல" என்றாளாம். உடன் நின்ற காவலர் சொன்னது இது. அதே கிணற்று நீரைத்தான் அவர்களும் குடிக்கிறார்கள்.

வழிக்கு நீர் கொடுத்தனுப்ப எம்மிடம் இல்லை. ஆதலால் தங்கள் எல்லைக் காவலர் ஒரு குடம் நல்ல நீரோடு அவளுக்காகக் காத்து நிற்க அருள்க. இவ்வோலையில் யாம் கேட்பது இது ஒன்றே.

கோமான் ஆணைப்படி எழுதி, மீன் இலச்சினை இட்டோம். இலச்சினை மண் ஏரி நீரில் குழைத்தது. தங்கள் கைக்கு வருமுன் அது உப்புப் பூத்து உதிர்ந்திருந்தால், இடையில் எவரும் ஓலையைப் பிரித்தார் என ஐயுற வேண்டா.