பாலே பள்ளியின் பியானோ இருக்கையை எனக்கே மீள அளிக்க வேண்டுதல்

அனுப்புநர்:
ஸோயா கர்போவ்னா லாப்தேவா,
பியானோ வாசிப்பவர் (தற்போது நூலக உதவியாளர்),
பாலே பள்ளி, செவெரோகாம்ஸ்க்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வட்டாரப் பண்பாட்டுத் துறை.

பொருள்: இடமாறுதலை ரத்து செய்யவும், டேப் ரிக்கார்டர் மீதான தவறான குற்றச்சாட்டை நீக்கவும் வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. எங்கள் பள்ளி ஜார் காலத்தில், இரும்பு வணிகர் ஒருவரின் குதிரைப் பயிற்சிக் கூடத்தில் தொடங்கப்பெற்றது. புரட்சியோ தீவிபத்தோ அதன் காலை வகுப்பை நிறுத்தியதில்லை. போர்க்காலத்தில் விறகின்றிப் பிள்ளைகள் கம்பளிக் காலணியோடு பயின்றனர். பியானோவை உடைத்து எரிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, அன்றைய இயக்குநர் தம் வீட்டுக் கதவைக் கழற்றி அடுப்புக்கு அனுப்பினார்.

2. போருக்குப் பின் அந்தப் பியானோவில் அமர்ந்தவள் நான். இசைக் கல்லூரியின் படியை மிதித்தவள் அல்லேன். திருமண வீடுகளில் அக்கார்டியன் என்னும் துருத்திப் பெட்டியை வாசித்து, ஆடுவோரின் கால்களைப் பார்த்தே தாளம் கற்றேன். வோத்கா அருந்திய மாப்பிள்ளைகளையே தடுமாறாமல் ஆடவைத்தவள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. சென்ற செப்டம்பரில், பட்டயம் இல்லை என்று என்னை நூலகத்திற்கு மாற்றி, என் இடத்தில் டேப் ரிக்கார்டரை வைத்தனர். வகுப்பு முடிந்ததும் ஆசிரியருக்கும் பியானோ வாசிப்பவருக்கும் முழங்கால் மடித்து வணங்குவது எங்கள் முறை. மாணவியர் காலி இருக்கைக்கே நாள்தோறும் வணங்கினர். வகுப்பைப் பார்வையிட வந்த தங்கள் ஆய்வாளர், "யாருமே இல்லாத ஸ்டூலுக்கு எதுக்கும்மா கும்பிடு?" என்று வினவினார். இறுதியாண்டு மாணவி ஃபைனா, "ஸோயா கர்போவ்னா லைப்ரரி வரைக்கும் போயிருக்காங்க சார், வந்துருவாங்க. கால் வலிச்சா நீங்க உக்காருங்க, உங்களையும் சேத்துக் கும்பிட்டுடுறோம்" என்றாள். இது ஒழுங்கீனம் எனப் பதிவாகியுள்ளது.

4. மே மாதத் தேர்வும் டேப் ரிக்கார்டர் நாடாவின் இசைக்கே நடந்தது. ஃபைனா உயரத் தாவுபவள். தரைக்குத் திரும்ப அவசரப்படாதவள். இசை அவளுக்கு முன்பே இறங்கிவிட்டது. 'தாளம் தவறினாள்' என எழுதித் தோல்வியுறச் செய்தனர். ஆசிரியை ரைசா யெகோரொவ்னா தேர்வுக் குழுவினரிடம், "பொண்ணு இன்னும் மேலதான் இருக்கா, உங்க பாட்டு கீழ இறங்கி வீட்டுக்கே போயிடுச்சு. இதுல தப்பு பண்ணது யாருங்க?" என்று கேட்டு மறுதேர்வு பெற்றார். நூலகத்திற்கு வந்து என்னைக் கையோடு அழைத்துச் சென்றவரும் அவரே.

5. மறுதேர்வில் நான் அவள் பாதங்களை மட்டுமே பார்த்து வாசித்தேன். அவள் மேலே நின்ற வரையில் சுரமும் மேலேயே நின்றது. அவள் இறங்கியபோது இறங்கியது. குழுத் தலைவர் பேனாவை மூடி வைத்தார். இறுதி வணக்கத்தின்போது அவரும் எழுந்து, பியானோவை நோக்கித் தலை தாழ்த்தினார். ஃபைனா முதல் வகுப்பில் தேறி, நகர அரங்கின் நடனக் குழுவில் சேர்ந்துவிட்டாள்.

6. எனினும் துறையின் அறிக்கை, 'டேப் ரிக்கார்டர் பழுதானதால் மறுதேர்வு' என்கிறது; என் மாறுதலும் ரத்தாகவில்லை. ஐயா, அந்த இயந்திரம் பழுதாகவில்லை. பதிந்ததைப் பதிந்தபடியே நேர்மையாக ஒலித்தது. ஆடுபவளைப் பார்க்கக் கண் வைக்காமல் அதைச் செய்திருக்கிறார்கள். அதற்கு அது என்ன செய்யும்?

ஆகவே, அறிக்கையைத் திருத்தி, பட்டயம் கேளாது என்னை என் இருக்கையில் மீண்டும் அமர்த்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். டேப் ரிக்கார்டரை நூலகத்திற்கு மாற்றலாம். அங்கு எவரும் தாவுவதில்லை. திங்கட்கிழமை காலை வகுப்பிற்குப் பியானோவைத் திறந்து வைக்குமாறு ரைசா யெகோரொவ்னா கூறிவிட்டார். நான் சென்று அமர்வேன். தங்கள் ஆணை அதற்கு முன் வந்து சேர்ந்தால் துறைக்கும் அழகாக இருக்கும்.

இடம்: செவெரோகாம்ஸ்க்
நாள்: 14 ஜூன் 1968

என்றும் மதிப்புடன்,
(ஒப்பம்) ஸோ. க. லாப்தேவா,
பியானோ வாசிப்பவர்