கெண்டைக்கால் நோவும் இரண்டு மைலும்

அக்கா,

துறைமுகத் தீயணைப்புப் படையின் ஓட்டச் சோதனையில் இன்று காலை பாஸ். இரண்டு மைலும் நிற்காமல் ஓடினேன்.

"படிப்பை இடையில விட்டனீ, இதையும் விட்டிட்டுத்தான் வருவாய்" என்று நேற்றுச் சொன்னீர்கள். ஓடிப் பழகத் தொடங்கிய முதல் கிழமையிலேயே விட்டிருப்பேன். மணல் மெத்தென்று இருக்கும், கால் நோகாது என்று நம்பிக் கடற்கரையில் ஓடியது என் பிழை. குதி புதையப் புதையக் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. நீங்கள் நல்லெண்ணெய் போட்டு உருவியும் சரிவரவில்லை.

பிறகு இரவு வேலை முடிந்து வரும்போது தார் ரோட்டில் பழகினேன். ஒரு லைட் போஸ்ட் வரை மெல்ல ஓட்டம், அடுத்த இரண்டுக்கு நடை. நோவு வந்தால் அன்று முழுக்க நடைதான். ஆறு கிழமையில் நோவு விட்டது.

"ஆரிட்டப் பழகினனீ?" என்று சோதித்த ஐயா கேட்டார்.

"லைட் போஸ்டிட்ட" என்றேன். சிரித்துவிட்டார்.

இப்போது வேலையில் சேரக் கையெழுத்துப் போடப் போகிறேன். மீன் குழம்பு குசினியில் மூடியிருக்கிறது, பூனை கவனம். வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுக் கனகம்மா மாமியிடம் கொடுங்கள்.

பரராசன்

திங்கள் முதல் பகல் வேலை. இனிப் பகலில் நான் படுக்க மாட்டேன். ரேடியோவைச் சத்தமாகவே போடுங்கள்.